நாலாவது கட்டம்

இங்கன ஆள் இருக்கா அண்ணாச்சி? இல்லல்லா. அப்ப ஒரு ஓரமா உக்காந்துக்கிடுதேன். கால் நிக்க மாட்டேங்கு. ஒரு மணி நேரமா அந்த எக்ஸ்ரே ரூம் வாசலுக்கும் இந்தத் தண்ணி டேங்குக்கும் நடந்துக்கிட்டே இருக்கேன். வழியை மறிக்காதீங்கன்னு நர்ஸம்மா ரெண்டு தடவை சத்தம் போட்டுட்டாங்க.

உங்களுக்கு உள்ள யாரு? வீட்டம்மாவா. கணுக்கால்தானே, ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க. அடி பட்ட இடத்தைப் பாத்தவுடனே எனக்குத் தெரிஞ்சிரும். இருபத்திரண்டு வருசமா பி.டி. மாஸ்டரா இருக்கேன். பேரு பூலோகபாண்டியன். வீங்கியிருந்தா சுளுக்கு. கோணியிருந்தா முறிவு.

எங்க பிள்ளைக்குக் கோணியிருக்கு அண்ணாச்சி. மணிக்கட்டுக்கு மேல. நான் பாத்தேன்.

எம் பிள்ள இல்ல, பள்ளிக்கூடத்துப் பிள்ள. ஒம்பதாங்கிளாஸ். சண்முகக்கனின்னு பேரு. கணக்கு டீச்சர் உள்ள கூட இருக்காங்க. பொம்பளப்பிள்ள கூட நான் உள்ள போக முடியாதுல்லா. அவ அப்பா பாவூர்சத்திரம் மார்க்கெட்ல மூட்டை தூக்குதவரு. சொல்லி விட்டாச்சு, பஸ் ஏறிட்டாராம். இப்ப வந்துருவாரு. வந்து என்னையத்தான் கேப்பாரு. எம் பிள்ள எப்படி விழுந்தான்னு கேப்பாரு. அதுக்கு நான் இன்னும் பதில் தயார் பண்ணல.

ஒரு உதவி செய்யுங்க. நீங்களே அவரா நினைச்சுக்கிட்டு என்னையக் கேளுங்க. நான் ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கிடுதேன்.

ஆட்டத்துக்கு நடுவுல, எந்திரிக்கும்போது, கால் மடங்கி விழுந்துட்டா. இடது கையை ஊனிட்டா, அதான் கை போச்சு. இப்படிச் சொன்னா எப்படி இருக்கு? இயல்பா இருக்குல்லா. ஏன்னா அந்தப் பிள்ளைக்கு இடது கால் சரி கிடையாது. பொறந்ததுலேருந்தே சூம்பின கால். தொடையிலேருந்து பூட்ஸ் வரைக்கும் ரெண்டு பக்கமும் கம்பி வச்சு, தோல்வாரு போட்டுக் கட்டியிருக்கும். காலிப்பருன்னு சொல்லுவாங்க. அப்படிப்பட்ட பிள்ள விழுந்ததுன்னா யாரு என்ன கேக்கப் போறாங்க? விழத்தானே செய்யும்.

ஆனா அவரு வேற ஒண்ணு கேப்பாரு. கால் இப்படி இருக்குத பிள்ளைய எதுக்கு ஆட்டத்துல விட்டீருன்னு கேப்பாரு. அதுக்கும் பதில் வச்சிருக்கணும்.

நான் விட்டவன் இல்ல அண்ணாச்சி. அதை நீங்க தெரிஞ்சுக்கிடணும். ஆறாங்கிளாஸ்ல அந்தப் பிள்ள வந்து சேந்தப்ப, முதல் பி.டி. பீரியடுலயே கூப்பிட்டு வேப்பமரத்தடியைக் காட்டிட்டேன். எல்லாப் பிள்ளைகளும் செருப்பை அங்கதான் கழட்டிப் போடும். அதைப் பாத்துக்கிடுதது உன் பொறுப்புன்னேன். மூணு வருசம் பாத்துக்கிட்டா. நாப்பது ஜோடி செருப்புல ஒரு ஜோடி காணாமப் போனது கிடையாது. பொறுப்பான பிள்ளன்னு ரிப்போர்ட்ல நானே எழுதியிருக்கேன். மூணு வருசமும் அவ மேல ஒரு கீறல் கிடையாது. எஞ் சொந்தப் பிள்ளையக்கூட அவ்வளவு பத்திரமா வச்சிருக்க மாட்டேன், சத்தியமா.

ஏழாங்கிளாஸ்ல ஒரே ஒரு தடவை வந்து கேட்டா. சார், சகதியா இருந்தா எல்லாரும் செருப்போட ஆடுதாங்க, அன்னைக்கு நான் என்ன செய்யன்னு. நான் சிரிச்சுட்டேன். அன்னைக்குக் குடையைப் பாத்துக்கோன்னேன்.

உங்களுக்கு இது கோழைத்தனமாத் தெரியும். பட்டவனுக்குத்தான் தெரியும் அண்ணாச்சி. பதினோரு வருசத்துக்கு முன்னாடி, வேற ஒரு பள்ளிக்கூடம். நானூறு மீட்டர் ஓட்டத்துல ஒரு பையன் மூணாவது வளைவுல சுருண்டு விழுந்துட்டான். காலையில ஒண்ணும் சாப்பிடாம வந்திருக்கான், எனக்கு எப்படித் தெரியும்? அவன் சாயங்காலமே எந்திரிச்சு உக்காந்து இட்லி தின்னுட்டான். ஆனா அதுக்குள்ள ஊரே திரண்டு வந்துட்டு. ஹெச்.எம். என்னைய ஆபீஸ் ரூமுக்குள்ள தள்ளிப் பூட்டிட்டாரு. ஜன்னல்ல கல்லு வந்து விழுது. நான் மேசைக்கு அடியில உக்காந்திருக்கேன். வெளிய ஒரு பொம்பள எம் பேரைச் சொல்லி மண்ணை வாரித் தூத்துதா. நாலு மாசம் சஸ்பெண்டு. அன்னையிலேருந்து எந்தப் பிள்ள ஓடினாலும் எனக்கு நெஞ்சு படபடன்னுதான் இருக்கும். விசிலை வாயிலேயே வச்சிருப்பேன். யாராவது கொஞ்சம் வேகமா ஓடினா ஊதிருவேன். பிள்ளைக எனக்கு நிப்பாட்டு சாருன்னே பேரு வச்சிருக்கு. வச்சா வச்சுட்டுப் போகட்டும்.

இந்த வருசம் ஜூன்ல வந்துச்சு வினை. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை விளையாட்டுப் பீரியடுல ஓரமா உக்கார வைக்கக் கூடாது, ஆட்டத்துல சேக்கணும், சேத்ததுக்குப் போட்டோ அனுப்பணும்னு ஒரு சுற்றறிக்கை. ஹெச்.எம். அம்மா அதை வாசிச்சுக் காட்டினாங்க. எழுதுதவங்களுக்கு என்ன, எழுதிட்டு ஃபேனுக்கு அடியில இருப்பாங்க. கீழ விழுந்தா அள்ளுதது யாரு?

ஒன்றியத்துலேருந்து வாரம் ஒருக்க சிறப்பு டீச்சர் ஒருத்தங்க வருவாங்க. சகாயமேரின்னு, சின்ன வயசு. அவங்க நேரா கனிகிட்டப் போயி, உனக்கு எந்த ஆட்டம் பிடிக்கும்னு கேட்டாங்க. அந்தப் பிள்ள யோசிக்கவே இல்ல, கோ-கோன்னுட்டா. அந்த மரத்தடியில உக்காந்து மூணு வருசமா அதைத்தானே பாத்துக்கிட்டு இருந்திருக்கா. டீச்சர் எங்கிட்ட வந்து, விதியைக் கொஞ்சம் அவளுக்கு ஏத்த மாதிரி மாத்துவோம் சார், அவ ஓட வேண்டாம், நின்ன இடத்துலேருந்து கையெட்டுத தூரத்துல தொட்டாப் போதும்னாங்க. நான் ஒத்துக்கிடல. ஆட்டம்னா அதுக்குன்னு விதி இருக்கு, ஆளுக்கு ஆளு மாத்துததுக்கு இது என்ன வீட்டுச் சமையலான்னு கேட்டுட்டேன். விதி விசயத்துல நான் ரொம்பக் கண்டிப்பு.

பொறவு நானே ஒரு வழி கண்டுபிடிச்சேன். கோ-கோ பாத்திருக்கீங்களா? எட்டுப் பேரு ஒரே வரிசையில, ஆளுக்கொரு கட்டத்துல குத்த வச்சு உக்காந்திருப்பாங்க. ஒருத்தி கிழக்க பாத்தா அடுத்தவ மேற்க பாத்து இருப்பா. ஒம்பதாவது ஆளு எதிர்க்கட்சியை விரட்டுவா. விரட்டுதவ வரிசைக்கு ஊடால புகுந்து அந்தப் பக்கம் போகக் கூடாது. அதுக்குப் பதிலா, உக்காந்திருக்கவ முதுகுல தட்டி, கோன்னு சொல்லணும். சொன்னா இவ எந்திரிச்சு விரட்டுவா, அவ இந்தக் கட்டத்துல உக்காந்துக்கிடுவா. முதுகுல தட்டு விழுத வரைக்கும் உக்காந்தேதான் இருக்கணும். அந்த உக்காந்தேதான்ங்கிறது எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

கனியைக் கிழக்க பாத்து நாலாவது கட்டத்துல உக்கார வச்சேன். காலை நீட்டிக்கிட்டு இரு, போதும்னேன். மத்த பிள்ளைகளைத் தனியாக் கூப்பிட்டு, நாலாவது கட்டத்துக்கு யாரும் கோ குடுக்கக் கூடாது, குடுத்தவ ஒரு மாசத்துக்கு கிரவுண்டுப் பக்கமே வரக் கூடாதுன்னுட்டேன். அவ ஒப்புக்குச் சப்பாணி, தெரியுதான்னேன்.

ஏன் அண்ணாச்சி அப்படிப் பாக்கீங்க? நீங்க சின்ன வயசுல சொன்னதில்லையா? ஆட்டத்துக்குச் சேராத பொடிசுகளை அப்படித்தானே சேத்துக்கிடுவோம். கூடக் கூட ஓடும், அவுட் கிடையாது, எண்ணிக்கையில வராது. எந் தம்பியே எங்க கூட அப்படித்தான் ஆடினான். எல்லாரும் சொல்லுத வார்த்தைதானே. அதுல கால் எங்க வந்துச்சு? சொல்லும்போது எனக்கு அந்த நினைப்பே இல்ல. ரெண்டு மூணு பிள்ளைக தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னுச்சு. அமலின்னு ஒரு பிள்ள மட்டும் என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னா.

யாரோ போயிச் சொல்லியிருக்காளுக. மறுநாள் கனி வந்து நிக்கா. "சார், நான் ஒப்புக்குச் சப்பாணியா?"ன்னு கேக்கா. உனக்கு அவுட்டே கிடையாதும்மா, ராணி மாதிரி இருன்னேன். சரி சாருன்னுட்டுப் போயிட்டா. சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு. பிள்ளைக்குப் பிடிச்சிருக்குன்னுதான் நான் நினைச்சேன்.

போட்டோ நல்லா வந்துச்சு. வரிசையில எட்டுப் பேரு, நடுவுல கனி. மேல அனுப்பினோம். பாராட்டி ஒரு கடிதம்கூட வந்துச்சு. ஹெச்.எம். அம்மா அதைக் கண்ணாடி போட்டு மாட்டிட்டாங்க. எனக்கும் மனசு கொஞ்சம் அடங்குச்சு. ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பரு, மூணு மாசம் தட்டில்லாமப் போச்சு.

தடங்கலில்லாமன்னுதான் சொல்ல வந்தேன். ஆனா நிசம்தான், அவ முதுகுல ஒரு தட்டுகூட விழல. பின்னாடி ஓடி வார காலடிச் சத்தம் கேட்டா அந்தப் பிள்ள முதுகு அப்படியே விறைக்கும். ஆளு தாண்டிப் போனதும் தளரும். மறுபடியும் விறைக்கும், தளரும். பீரியடு முழுக்க இதுதான். நான் கவனிச்சேன். வெயில் தாங்கலை போலன்னு நினைச்சு, ஒரு தொப்பி வாங்கிக் குடுத்தேன்.

இதுல இன்னொண்ணு நடந்துச்சு. பிள்ளைகளுக்கு எதுவும் சொல்லிக் குடுக்க வேண்டாம்லா. நாலாவது கட்டம் எந்திரிக்காதுன்னு தெரிஞ்சதும், ஓடுத கட்சிப் பிள்ளைக எல்லாம் மூச்சு வாங்கினா நேரா அங்க வந்து நிக்க ஆரம்பிச்சிட்டு. கனிக்கு ரெண்டடி முன்னாடி. அங்க நின்னா யாரும் தொட முடியாதுல்லா. ஒருத்தி நின்னு தலைமுடியை அவுத்துக் கட்டுவா. ஒருத்தி ஊக்கு மாட்டுவா. கனி அவளுக பாவாடையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா. ஒரு நாள் எங்கிட்ட வந்து சொன்னா, சார், எல்லாரும் எம் முன்னாடி வந்துதான் நிக்காங்க, கை நீட்டினா எட்டிரும்னு. உங்கூடப் பேசத்தாம்மா வந்து நிக்காங்கன்னேன்.

ஒரு மத்தியானம் அவளும் அமலியும் மரத்துக்குப் பின்னாடி என்னமோ செய்யுதாளுகன்னு போய்ப் பாத்தேன். கனி தரையில காலை நீட்டி உக்காந்திருக்கா. அமலி முதுகுல தட்டுதா. இவ வலது காலை மடக்கி, கையைத் தரையில ஒரு அழுத்து அழுத்தி, விருட்டுன்னு எந்திரிச்சு நிக்கா. நின்னு கையை நீட்டுதா. அமலி ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுதா. மறுபடியும் உக்காருதா, மறுபடியும் எந்திரிக்கா. எனக்கு உசிரே போயிட்டு. ஓடிப் போயி ரெண்டு பேரையும் அதட்டி அனுப்பினேன். பொறவு என் கண்ணுல படாம வேற எங்கயோ வச்சுப் பழகியிருக்காளுக.

இன்னைக்குக் காலையில விளையாட்டு விழா. ஏ பிரிவும் பி பிரிவும் கோ-கோ கடைசி ஆட்டம். இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் கனி வேண்டாம், கூட்டம் இருக்குன்னு ஹெச்.எம். அம்மாகிட்ட கெஞ்சிப் பாத்தேன். கல்வி ஆபீசரம்மா வந்திருக்காங்க, கனி கண்டிப்பா வரிசையில இருக்கணும்னுட்டாங்க. சரின்னு நானே நடுவரா நின்னேன். நடுவரு சுத்திச் சுத்தி வரணும். நான் வரல. நாலாவது கட்டத்துக்குப் பின்னாடி, ரெண்டடி தள்ளி அப்படியே நின்னுக்கிட்டேன். நடை பழகுத பிள்ளைக்குப் பின்னாடி போவோம்லா, அப்படி.

ஏ பிரிவு விரட்டுது. பி பிரிவுல மகாலெட்சுமின்னு ஒருத்தி, நல்ல ஓட்டக்காரி. நாலு நிமிசமா யாரும் அவளைத் தொட முடியல. கடைசி நிமிசம். அவளுக்கும் மூச்சு முட்டிட்டு. நேரா வந்து கனிக்கு முன்னாடி நின்னு, முட்டியில கையை ஊனிக்கிட்டுக் குனிஞ்சு மூச்சு வாங்குதா. வரிசைக்கு இந்தப் பக்கம் அமலி விரட்டிக்கிட்டு வாரா. வழக்கமா நாலாவதைத் தாண்டி ஆறாவதுக்குத்தான் போவா. போகல. கனிக்குப் பின்னாடி வந்து நின்னா. என்னைய ஒரு பார்வை பாத்தா. குனிஞ்சு அவ முதுகுல தட்டி, "கோ"ன்னா.

கிரவுண்டு பூரா கேட்டுச்சு அண்ணாச்சி.

அவ்வளவுதான். எந்திரிச்சா. விழுந்துட்டா.

என்ன கேக்கீங்க? கால் எப்படி மடங்கிச்சுன்னா? அதான், எந்திரிக்கும்போது... இருங்க. நீங்க கேக்குதது சரிதான். காலிப்பர் மடங்காது. முட்டுல ஒரு பூட்டு இருக்கு, அதைப் போட்டுட்டா இரும்பு மாதிரி நிக்கும். அவ அப்பாதான் தினமும் காலையில கட்டி விடுதாரு, அவருக்குத் தெரியாமலா இருக்கும்? நல்ல வேளை நீங்க கேட்டீங்க. அப்ப கால் மடங்கிட்டுன்னு சொல்லக் கூடாது. வழுக்கிட்டான்னு சொல்லுதேன். மண்ணு லேசா இருந்துச்சு, பூட்ஸ் வழுக்கிட்டு. அது சரியா இருக்கும்லா.

வழுக்கலையான்னா கேக்கீங்க?

நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது. உங்ககிட்டச் சொன்னா என்ன? வழுக்கல. அவ நின்னா அண்ணாச்சி. எப்படி நின்னாங்கீங்க, கம்பம் நட்ட மாதிரி நின்னா. மகாலெட்சுமி நிமிந்து பாக்கா, நம்பவே முடியல அவளுக்கு, ஓடத் தோணல. கனி கையை நீட்டுதா. எனக்கு அதெல்லாம் தெரியுது. ஆனா அதுக்கு முன்னாடியே என் கால் கிளம்பிட்டு. விழப் போறா, விழப் போறான்னு எனக்குள்ள ஒரே சத்தம். விசிலை ஊதிக்கிட்டே பாஞ்சேன். பிடிக்கத்தான் போனேன். ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு பிடிக்கத்தான் போனேன். என் முட்டி அந்தக் கம்பியில இடிச்சுட்டு. அவ முன்னாடி போறா, நான் அவ மேல போறேன். எழுபத்தெட்டுக் கிலோ அண்ணாச்சி நான். அடியில அந்தக் கை. படக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. அது எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

கூட்டத்துக்கு ஒண்ணும் தெரியல. பந்தல் எதிர்ப் பக்கம் இருந்துச்சு, ஒரே புழுதி. பிள்ள விழுந்துச்சு, மாஸ்டரு தாங்கப் போனாருன்னுதான் நினைச்சிருக்காங்க. ஹெச்.எம். அம்மா ஓடி வந்து, நல்ல வேளை சார், நீங்க பக்கத்துல இருந்தீங்கன்னாங்க. நான் தலையை ஆட்டினேன். ஆபீசரம்மா தண்ணி குடுத்தாங்க, வாங்கிக் குடிச்சேன். எனக்குத் தெரியும், அமலிக்கும் மகாலெட்சுமிக்கும் தெரியும், அந்தப் பிள்ளைக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியாது. இப்ப உங்களுக்கும் தெரியும்.

ஆட்டோவுல வரும்போது அவ அழவே இல்ல. கையைப் பிடிச்சுக்கிட்டு என்னையவே பாத்துக்கிட்டு வந்தா. வலிக்குதாம்மான்னு கேட்டேன். அப்பவும் கண்ணை எடுக்கல. அழுதிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

அந்தா வாராரு. தலையில துண்டு கட்டிக்கிட்டு வாசல்ல முழிக்காருல்லா, அவருதான். அண்ணாச்சி, கும்பிட்டுக் கேக்கேன், நீங்க ஒண்ணும் சொல்லிராதீங்க.

*

கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க. பாத்தீங்கல்லா.

அடிப்பாருன்னு நினைச்சேன். சட்டையைப் பிடிப்பாருன்னு நினைச்சேன். அந்த மனுசன் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாரு. நீங்கதான் தூக்கிட்டு ஓடி வந்தீங்களாம், பெரிய டீச்சரம்மா போன்ல சொன்னாங்க சாருங்காரு. கண்ணுல தண்ணி. எப்படி சார் விழுந்தான்னு அவரு கேட்டாரு. பூட்ஸ் வழுக்கிட்டுன்னு நான் சொன்னேன். நாக்குல தடையே இல்லாம வந்துச்சு, நீங்க கேட்டு வச்சது நல்லதாப் போச்சு.

உடனே அவரு சொன்னாரு. உனக்கு எதுக்குட்டி ஆட்டம்னு நான் தலையால அடிச்சுக்கிட்டேன் சார், கேக்கல. இனிமே அவளை எதுலயும் சேக்காதீங்க, பழையபடி மரத்தடியிலேயே இருக்கட்டும், நானே வந்து பெரிய டீச்சர்கிட்ட எழுதித் தாரேன்னாரு. சரி, சரின்னேன். அந்த நிமிசம் எனக்கு உடம்பெல்லாம் லேசாயிட்டு அண்ணாச்சி. மூணு மாசமா நெஞ்சுல இருந்த கனம் அப்படியே இறங்கிட்டு. எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு நினைச்சேன்.

அப்பத்தான் கணக்கு டீச்சர் அவளைக் கூட்டிக்கிட்டு வெளிய வந்தாங்க. கையில அட்டை வச்சுக் கட்டியிருக்கு. மூஞ்சி வெளுத்துப் போயிருக்கு. அவ அப்பா சொன்னது பூரா வாசல்ல நின்னு கேட்டிருப்பா. அப்பாகிட்டப் போகல. நேரா எம் முன்னாடி வந்து நின்னா. "சார், அவுட்டா?"ன்னு கேட்டா.

உங்களுக்கு அது சாதாரணக் கேள்வியாத் தெரிஞ்சிருக்கும். மகாலெட்சுமி அவுட்டான்னு கேக்கா. நடுவரு விசில் ஊதிட்டா, அதுக்குப் பொறவு தொட்டது செல்லாது. அவ கை மகாலெட்சுமி தோள்ல பட்டது முதல்லயா, என் விசில் முதல்லயான்னு எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். கிரவுண்டுல நான் எதுவும் சொல்லல. இல்லன்னு சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. எந்திரிக்கும்போதே வழுக்கிட்டல்லாம்மா, எங்க தொட்டன்னு சொல்லியிருந்தா கதை முடிஞ்சுது. அவ அப்பாவும் அங்கதான் நிக்காரு. அவுட்டுன்னு சொன்னா, அவ எந்திரிச்சு நின்னான்னு ஆகும். நேரா நின்னு எட்டித் தொட்டான்னு ஆகும். அப்ப வழுக்கினது எப்பன்னு ஆகும்.

இல்லன்னு சொல்லத்தான் அண்ணாச்சி வாயைத் திறந்தேன். அவ கண்ணைப் பாத்தேன். அதுல கோபம்கூட இல்ல. பிள்ளைக ஆட்டத்துக்கு நடுவுல நடுவரைப் பாக்குமே, சொல்லுங்க சாருன்னு, அந்தப் பார்வைதான். இருபத்திரண்டு வருசமா எத்தனை பிள்ளைக அப்படிப் பாத்திருக்கு. இந்தப் பிள்ள என்னைய அப்படிப் பாத்தது இதுதான் முதல் தடவை.

அவுட்டும்மா, விசிலுக்கு முன்னாடியே நீ தொட்டுட்டன்னு சொன்னேன்.

அவ திரும்பி, ஸ்கோர் நோட்டுல எழுதச் சொல்லுங்க டீச்சர்னு கணக்கு டீச்சர்கிட்டச் சொன்னா. அப்பத்தான் அழ ஆரம்பிச்சா. அதுவரைக்கும் வலிக்காத கை அப்பத்தான் வலிச்ச மாதிரி.

அவ அப்பா அவளைப் பாத்தாரு. என்னையப் பாத்தாரு. படிக்காத மனுசன்தான், ஆனா மூட்டை தூக்குதவருக்கு ஒரு ஆளு எப்ப நிப்பான், எப்ப விழுவான்னு தெரியாதா? எந்திரிச்சு நின்னுட்டாளா சார்னு பைய கேட்டாரு. நின்னான்னேன். எதையும் பிடிக்காமலா? பிடிக்காமத்தான். அவரு மூஞ்சி என்னமோ மாதிரி ஆயிட்டு. சந்தோசமா, வேதனையான்னு எனக்குச் சொல்லத் தெரியல. தலைத்துண்டை அவுத்து மூஞ்சியைத் துடைச்சாரு. பொறவுதான் கேட்டாரு. "அப்ப எப்படி சார் விழுந்தா?"

நான் அவளைப் பாத்தேன். அவ சொல்லிரலாம்லா. சொல்லல. தரையைப் பாத்துக்கிட்டு நிக்கா. நான் சொல்லட்டும்னு விட்டுட்டா. அதுக்குள்ள மாவுக்கட்டுப் போடக் கூப்பிட்டுட்டாங்க. பிள்ளையப் பிடிச்சுக்கிட ஆள் வேணும்னு அவரையும் உள்ள வரச் சொல்லிட்டாங்க. போகும்போது ரெண்டு தடவை திரும்பிப் பாத்தாரு, பாத்தீங்களா?

இருபது நிமிசம் ஆகும்னாங்க. பத்து நிமிசம் போயிட்டு. வெளிய ஆட்டோ நிக்கு. ஏறினா நான் பஸ் ஸ்டாண்டு போயிருவேன். நாளைக்கு லீவு போட்டுட்டா, அதுக்குள்ள அவரு கோபம் ஆறிரும். போக மாட்டேன். சொல்லிரணும்னுதான் இருக்கேன். நான்தான் தள்ளிட்டேன்யா, உம்ம பிள்ள நல்லாத்தான் நின்னான்னு சொல்லணும். அவ்வளவுதானே, ரெண்டே வரி. ஆனா உங்ககிட்டச் சொன்ன மாதிரி அவருகிட்ட வருமான்னுதான் தெரியல.

என்ன, உங்களைக் கூப்பிடுதாங்களா? வீட்டம்மாவுக்கு எக்ஸ்ரே முடிஞ்சிட்டா? அப்படியா. போங்க, போங்க, அவங்க தனியா இருப்பாங்க.

அண்ணாச்சி. ஒரு அஞ்சு நிமிசம் கழிச்சுப் போனா ஒண்ணும் ஆகிராதுல்லா? இங்கன சும்மா உக்காந்திருந்தாப் போதும், நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். அந்தக் கதவு திறக்குத வரைக்கும் எந்திரிச்சுப் போயிராதீங்க.